கனத்த எழுத்தின் உள்வெளி

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஒரு நூலைப் படித்து முடித்தவர் அதன் பொருளை நினைப்பர்; அதன் ஆசிரியரை நினைப்பர்; ஒருசிலர் அதனைப் பதிப்பித்தவரையும் நினைப்பர்; ஆனால் அப்பொருளைக் கண்ணுக்குக் கொண்டுவந்து சேர்த்த எழுத்தின் உருவத்தையும், அவ்வுருவத்தை வரைந்தும் வெட்டியும் வார்த்தும் கொடுத்த கைகளையும் நினைப்பவர் மிக அரியர். அந்த அரியவர்கள் பலர் இன்று ஒரே மண்டபத்தில் கூடியிருப்பதைக் காணும்போது, இளமையில் ஈய எழுத்துகளைக் கேஸிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து ஸ்டிக்கில் கோக்கக் கற்றுக்கொண்ட எனக்கு, என் பழைய அச்சுக்கூடத்துக்கே திரும்பி வந்தது போன்ற நிறைவு உண்டாகிறது.

இன்றைய சொற்பொழிவுக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள், தலைப்புகளிலும் சுவரொட்டிகளிலும் விளம்பரப் பலகைகளிலும் நாள்தோறும் நம் கண்ணில் படுகின்ற கனத்த ரோமன் எழுத்து. அதிலும், வட்டம், சதுரம், முக்கோணம் என்னும் க்ஷேத்திரகணித உருவங்களை ஆதாரமாகக் கொண்டு, கோடுகளின் முனைகளில் செரிஃப் என்னும் சிறு கொடுக்குகள் இல்லாமல், ஒரே தடிப்பில் இழுத்தது போலத் தோன்றும் ஸான்-செரிஃப் வகை. இவ்வகைக்கு உலகெங்கும் உதாரணமாகக் காட்டப்படுவது, ஜெர்மனியில் பிராங்க்ஃபர்ட் நகரத்துப் பாவர் எழுத்து வார்ப்பகம் 1927இல் வெளியிட்ட ஃப்யூச்சுரா. அதன் கனத்த வடிவங்களை நடுவில் வைத்து, அவற்றின் தோற்றம் எத்தகையது, அவை எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படா என்பனவற்றை ஆராய விரும்புகிறேன். கனத்த எழுத்தின் வலிமை அதன் கருமையில் இருப்பதாகவே பெரும்பாலோர் எண்ணுகின்றனர். எழுத்துக்குள்ளே இருக்கும் வெண்மை, எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையே இருக்கும் வெண்மை, சொல்லைச் சூழ்ந்து நிற்கும் வெண்மை ஆகிய மூன்றையும் ஆளத் தெரிந்தவன் கையில்தான் அக்கருமைக்கு வலிமை பிறக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

சுவருக்காகப் பிறந்த எழுத்து

ஐரோப்பாவில் அச்சு தோன்றி ஏறக்குறைய முந்நூற்றைம்பது ஆண்டுகள் வரையில், எழுத்து என்பது பெரும்பாலும் புத்தகத்துக்காகவே வார்க்கப்பட்டது. மடியில் வைத்தோ மேசையில் வைத்தோ, ஒரு முழத் தொலைவில் ஒருவன் அமைதியாகப் படிப்பதற்கென்றே அதன் அளவும் மென்மையும் அமைந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இங்கிலாந்தில் இயந்திரத் தொழில் பெருகிச் சரக்குகள் குவிந்து, லாட்டரிச் சீட்டும் நாடகமும் வண்டிப் பயணமும் தெருவில் நடப்பவனுடைய கவனத்துக்காக ஒன்றோடொன்று போட்டியிட்ட காலத்தில், நின்று படிக்க நேரமில்லாதவனைத் தூரத்திலிருந்தே அழைக்கும் எழுத்து தேவைப்பட்டது. ராபர்ட் தார்ன் முதலிய லண்டன் வார்ப்பகத்தார் புத்தக எழுத்தின் தடித்த கோட்டை மேலும் பருக்கச் செய்து, மெல்லிய கோட்டை மயிரிழையாகவே விட்டு, ஃபேட் ஃபேஸ் என்னும் கொழுத்த எழுத்தை உண்டாக்கினர்.

1816இல் நான்காம் வில்லியம் காஸ்லன் வெளியிட்ட மாதிரிப் புத்தகத்தில் செரிஃப் இல்லாத அச்செழுத்து முதன்முதலாகக் காட்சியளித்தது. பெரிய எழுத்துகளில் ஒரே ஒரு வரி, அவ்வளவே. 1832இல் வின்சென்ட் ஃபிக்கின்ஸ் தமது மாதிரிப் புத்தகத்தில் ஸான்-செரிஃப் என்னும் பெயரை அவ்வகைக்குச் சூட்டினார். ஈயத்தில் மிகப் பெரிய எழுத்தை வார்த்தால் அதன் பாரமும் விலையும் அச்சுக்கூடத்தாரால் தாங்க முடியாதவையாக இருந்தன. 1827இல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் இயந்திரத்தால் மர எழுத்துகளைப் பெருமளவில் கடைந்து கொடுத்த பிறகு, சாண் உயரமும் முழ உயரமும் உள்ள எழுத்துகள் சுவர்களை நிறைத்தன. கனத்த எழுத்து, எனவே, புத்தகத்தின் பிள்ளை அன்று, தெருவின் பிள்ளை. இந்தப் பிறப்பை மறந்து அதனைப் புத்தகத்துக்குள் குடியேற்ற முயலும்போதெல்லாம் அது சிரமப்படுகிறது, படிப்பவரையும் சிரமப்படுத்துகிறது.

மெயின் நதிக்கரையில்

இவ்வாறு பிறந்த செரிஃப் அற்ற எழுத்துகள் நூறு ஆண்டுக்காலம் வலிமை உடையனவாக இருந்தன; ஆனால் ஒரு தத்துவம் உடையனவாக இருந்தன என்று சொல்வதற்கில்லை. முதல் உலக யுத்தம் முடிந்த பிறகு, பழைய அரசும் பழைய பெருமிதமும் சரிந்து வீழ்ந்திருந்த ஜெர்மனியில், வீடு கட்டுவோரும் நாற்காலி செய்வோரும் துணி நெய்வோரும் அலங்காரத்தைக் களைந்து பொருளின் பயனிலிருந்தே அதன் வடிவத்தைக் காண முற்பட்டபோதுதான் அத்தத்துவம் வந்து சேர்ந்தது. டெஸ்ஸாவ் நகருக்குப் பௌஹவுஸ் கலைப்பள்ளி குடியேறிய 1925இல், அங்கே ஹெர்பர்ட் பேயர் சின்ன எழுத்துகள் மட்டுமே கொண்ட ஒரு பொது நெடுங்கணக்கைக் காம்பஸால் வரைந்தார். ஆனால் அக்கொள்கை அச்சுக்கூடத்தின் கேஸுக்குள் இறங்கியது மெயின் நதிக்கரையிலே. பிராங்க்ஃபர்ட்டில் லுட்விக்-மேயர் வார்ப்பகம் யாக்கோப் எர்பாருடைய எழுத்தையும், அதே நகரத்துப் பாவர் வார்ப்பகம் பவுல் ரென்னருடைய ஃப்யூச்சுராவையும், அருகிலுள்ள ஆஃபன்பாக் ஊரின் கிளிங்ஸ்போர் வார்ப்பகம் ருடால்ஃப் கோக்கினுடைய காபெலையும் வெளியிட்டன. மூன்றும் ஓரிரண்டு ஆண்டு இடைவெளிக்குள், ஒரே நதியின் ஓரத்தில் நிகழ்ந்தவை என்பது எழுத்து வரலாற்றில் வியந்து நோக்கத்தக்கது.

1878இல் பிறந்த ரென்னர் இளமையில் ஓவியர்; பிறகு மியூனிக் நகரில் பல ஆண்டுகள் புத்தகங்களை வடிவமைத்தவர்; அச்சுக்கலையைக் கலையாகவே கருதி 1922இல் ஒரு நூலும் எழுதியவர். 1924இல் யாக்கோப் ஹெக்னர் என்னும் பதிப்பாளர், நம் காலத்துக்குரிய எழுத்து ஒன்று வேண்டும் என்று அவரிடம் கேட்க, நாற்பத்தாறு வயதில் அவர் அவ்வேலையைத் தொடங்கினார். முதல் வரைவுகளில் அவருடைய ஆர்வம் கணிதத்தின் எல்லைவரை சென்றது: சின்ன ஆர் எழுத்து ஒரு குச்சியும் அதன் தோளருகே ஒரு புள்ளியுமாக நின்றது, வேறு சில எழுத்துகள் சதுரமும் முக்கோணமுமாகவே நின்றன. பார்க்கப் புதுமையாயிருந்த இவ்வடிவங்கள் படிக்கும் கண்ணை ஒவ்வொரு சொல்லிலும் தடுத்து நிறுத்தின. வார்ப்பகத்தாரோடு கலந்து சோதித்துச் சோதித்து, அவற்றில் பெரும்பாலானவற்றை நீக்கிய பிறகே ஃப்யூச்சுரா உலகுக்கு வந்தது.

பெரிய எழுத்துகளுக்கு அவர் துணைக்கு அழைத்தது எதிர்காலத்தை அன்று, பழமையை. ரோமாபுரியின் டிராஜன் தூணில் கி.பி. 113இல் பொறித்த கல்வெட்டு முதலியவற்றில் காணும் பிரமாணங்களே அவற்றில் உள்ளன. ஓ முழு வட்டமாக விரிகிறது, ஈ, எஃப், எஸ் ஆகியவை அதன் பாதியளவுக்கு ஒடுங்குகின்றன. எதிர்காலம் என்னும் பொருளுடைய லத்தீன் பெயரைத் தாங்கிய எழுத்தின் எலும்புக்கூடு ஆயிரத்தெண்ணூறு ஆண்டுப் பழமை உடையது.

காம்பஸும் கண்ணும்

இனி அதன் தோற்றத்தின் ரகசியத்துக்கு வருகிறேன். ஃப்யூச்சுராவைக் காண்பவர் எவரும் இது காம்பஸாலும் ரூலாலும் வரையப்பட்டது என்றே நினைப்பர். அளவெடுத்துப் பார்த்தால் அந்நினைப்பு நிலைக்காது. ஏனெனில் மனிதனுடைய கண் கணிதக் கருவி அன்று. ஒரே தடிப்புள்ள இரண்டு கோடுகளில் ஒன்றை நெடுக்காகவும் மற்றொன்றைக் கிடையாகவும் வைத்தால், கிடைக்கோடே அதிகத் தடிப்புள்ளதாகக் கண்ணுக்குத் தோன்றுகிறது. ஒரே உயரத்தில் வரைந்த சதுரத்தையும் வட்டத்தையும் அருகருகே வைத்தால், வட்டம் சிறியதாகத் தோன்றுகிறது. எஸ் எழுத்தின் மேல்வளைவையும் கீழ்வளைவையும் சமமாக வரைந்தால், மேல்பகுதி பெரிதாகித் தலைகனத்து நிற்பதாகத் தோன்றுகிறது. ஆகையால் எழுத்து வரைபவர் கிடைக்கோட்டைச் சற்று மெலிவிக்கிறார். வட்டமான எழுத்துகளை அடிக்கோட்டுக்குக் கீழும் மேல்கோட்டுக்கு மேலும் இழையளவு நீட்டுகிறார். எஸ்ஸின் மேல்வளைவைச் சுருக்குகிறார். வட்டமாகத் தோன்ற வேண்டுமானால் முழு வட்டமாக இருக்கக்கூடாது, சமமாகத் தோன்ற வேண்டுமானால் சமமாக இருக்கக்கூடாது என்னும் இந்த நியதியை ஏற்று, காம்பஸுக்கு மேலான நியாயாதிபதியாகக் கண்ணை வைத்ததனால்தான் ஃப்யூச்சுரா நிலைத்தது.

மெல்லிய வகையில் இந்தத் திருத்தங்கள் சிறியவை. பயிற்சியில்லாத கண்ணுக்குப் புலப்படா. எழுத்துக்குக் கனம் ஏற ஏற அவை பெரியவையாகின்றன. உதாரணமாகச் சின்ன ஈ எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேல்வளைவு, நடுக்கோடு, கீழ்வளைவு என மூன்று கருப்புகளும், அவற்றினிடையே இரண்டு வெளிகளும் ஒரே உயரத்துக்குள் குடித்தனம் செய்ய வேண்டும். கோட்டின் தடிப்பைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் உள்வெளிகள் இரண்டும் மூடிப்போய், எழுத்து ஒரு கருங்கட்டியாகிவிடும். அப்போது வரைபவருக்கு வழிகள் சிலவே உள்ளன: நடுக்கோட்டை மெலிவிக்கலாம், எழுத்தை அகலமாக்கலாம், சின்ன எழுத்துகளின் உயரத்தையே கூட்டலாம், வட்டம் நெடுக்குக் கோட்டைத் தொடும் மூலையில் கருமை திரண்டு நிற்காதபடி அவ்விடத்தைக் குறுக்கலாம். மெல்லிய ஃப்யூச்சுராவில் ஈட்டிமுனை போலக் கூர்ந்திருக்கும் ஏ, எம், என் ஆகிய எழுத்துகளின் உச்சிகள் கனத்த வகையில் தட்டையாகிவிடுகின்றன. கூர்மையை இழந்து உறுதியைப் பெறும் இம்மாற்றம் மெல்லிய வடிவத்தை வெறுமனே ஊதிப் பெருக்கியதால் வருவதன்று. ஒவ்வொரு எழுத்தும் புதிதாகச் சிந்திக்கப்பட்டு வரையப்பட்டதன் பயன்.

உள்வெளியின் மகிமையை இன்னும் துலக்கமாகக் காட்டுவது 1929இல் வெளிவந்த ஃப்யூச்சுரா பிளாக். இதில் எழுத்துகள் முழுக் கோடுகளாலேயே அமையவில்லை. ஸ்டென்சில் தகட்டில் வெட்டியவை போன்ற கனத்த துண்டுகள், இடையே மெல்லிய வெண்கீற்றுகளோடு அடுத்தடுத்து நிற்கின்றன. கருப்பை மட்டும் பார்த்தால் அரைவட்டமும் செவ்வகமுமே தெரியும். அவற்றை எழுத்தாகச் சேர்த்து வைப்பது அந்த வெண்கீற்றே. அதை ஓர் இழை குறைத்தால் எழுத்து குழம்பும். ஓர் இழை கூட்டினால் சிதறும்.

சில சொற்களுக்கு உரிய எழுத்து

தோற்றத்திலிருந்து பிரயோகத்துக்கு வருவோம். கனத்த எழுத்து சில சொற்களுக்கு உரியது. பல சொற்களுக்கு உரியது அன்று. பத்துப் பாயிண்ட் அளவில் ஒரு பக்கம் முழுவதையும் அதில் கோத்தால், மை பரவி உள்வெளிகள் அடைபட்டு, வரிகள் தார் பூசிய பலகைகளாகிவிடும். எழுபத்திரண்டு பாயிண்டில் மூன்று சொற்களைக் கோத்து, அவற்றைச் சுற்றித் தாராளமாக இடம் விட்டால், அதே எழுத்து கம்பீரமாக நிற்கும்.

இதனை நான் புத்தகத்தில் படித்து அறியவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு நாடக நோட்டீஸைக் கவர்ச்சியாகச் செய்துவிட வேண்டும் என்ற ஆசையால், நாடகத்தின் பெயர், நடிகர் பெயர், நாள், இடம், கட்டண விவரம் அனைத்தையும் இருந்த கனத்த எழுத்திலேயே கோத்துப் புரூப் எடுத்துக் கொடுத்தேன். ஃபோர்மன் அதை ஆணியில் மாட்டிவிட்டு, கூடத்தின் மறுகோடிக்கு என்னை அழைத்துச் சென்று, நாடகம் என்றைக்கு என்று கேட்டார். என்னால் படிக்க முடியவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் பெயரையும் நாளையும் மட்டும் கனத்த எழுத்தில் நிறுத்தி, மற்றவற்றை மெல்லிய எழுத்துக்கு மாற்றி, வரிகளுக்கிடையே லெட் தகடுகளைச் செருகினார். இரண்டாவது புரூப்பை அதே மறுகோடியிலிருந்து படித்தேன்.

அவர் எனக்குக் கற்பித்ததை உலகம் 1959இல் ஒரு விளம்பரத்தில் கண்டது. அவ்வாண்டு நியூயார்க்கின் டாயில் டேன் பெர்ன்பாக் நிறுவனத்தில், ஹெல்மட் குரோன் என்னும் கலை இயக்குநரும் ஜூலியன் கெனிக் என்னும் வாசக எழுத்தாளரும், ஃபோக்ஸ்வாகன் சிறு காருக்காக ஒரு பக்க விளம்பரத்தை அமைத்தனர். பக்கத்தின் பெரும்பகுதி வெறுமையாக விடப்பட்டது. மூலையில் ஒரு சின்னக் கார். கீழே ஃப்யூச்சுராவில் இரண்டே சொற்கள், முற்றுப்புள்ளியோடு. பெரிய கார்களின் விளம்பரங்கள் பக்கம் முழுவதையும் வண்ணத்தால் நிரப்பிக்கொண்டிருந்த தேசத்தில் அந்த வெறுமையே வாசகரை நிறுத்தியது. இரண்டு சொற்களின் உறுதிக்கு எழுத்து எவ்வளவு காரணமோ, அவற்றைச் சூழ்ந்த வெண்மையும் அவ்வளவு காரணம்.

எழுத்துகளின் இடைவெளி பற்றியும் ஒரு சொல். ஈய எழுத்துக்கு ஓர் உடம்பு உண்டாகையால், இரண்டு எழுத்துகளை ஓரளவுக்கு மேல் நெருக்க முடியாது. 1960களில் புகைப்பட அச்சுக்கோப்பு பரவிய பிறகு அந்தத் தடை நீங்கியது. 1968இல் தொடங்கிய அவான்ட் கார்ட் என்னும் பத்திரிகைக்கு ஹெர்ப் லூபாலின் வரைந்த பெயரெழுத்தில், சாய்ந்த எழுத்துகள் ஒன்றன் மடியில் ஒன்று அமர்ந்து ஒரே கட்டுக்கோப்பாயின; அதிலிருந்து அவரும் டாம் கார்னேஸும் உருவாக்கிய முழு எழுத்து 1970இல் வெளிவந்தது. அதிலுள்ள கூட்டெழுத்துகள் தக்க இடத்தில் தக்க துணையோடு வைக்கப்பட்டால் மணி கோத்தாற்போல் இருக்கும். அந்நியாயம் தெரியாமல் அவற்றைச் சொல்லுக்குச் சொல் திணித்தவர்களால் அடுத்த பத்தாண்டு முழுவதும் அவ்வெழுத்து அலங்கோலப்பட்டது. குற்றம் எழுத்தினுடையது அன்று. கனத்த எழுத்துகளை நெருக்கிக் கோக்க வேண்டும் என்பது உண்மையே; ஆனால் இடையிலுள்ள வெண்மை எழுத்தின் உள்வெளிக்கு இணையாக நிற்கும்வரைதான் நெருக்கம் அழகு.

குரலும் பொறுப்பும்

உரக்கப் பேசக் கூடியவனுக்கு, எதைப் பேசுகிறோம் என்ற பொறுப்பு அதிகம். 1933இல் நாஜிகள் ஆட்சியைக் கைப்பற்றியபோது, கலையில் புதுமையெல்லாம் தேசத்துரோகம் என்னும் அவர்களுடைய வாதத்தை மறுத்து முந்திய ஆண்டில் ஒரு சிறு நூல் வெளியிட்டிருந்த ரென்னர், கைது செய்யப்பட்டு, மியூனிக் அச்சுப் பள்ளியின் தலைமைப் பதவியிலிருந்தும் விலக்கப்பட்டார். அவருடைய எழுத்தோ அந்நாட்டு அச்சுக்கூடங்களில் தொடர்ந்து புழங்கியது. அவரைத் துன்புறுத்தியவர்களின் சொற்களையும் அது சுமக்க நேர்ந்தது. 1969இல் அப்போலோ 11 விண்கலத்தோடு சந்திரனில் இறங்கி, மனிதகுலம் முழுவதன் சார்பாகச் சமாதானச் செய்தியைத் தாங்கி இன்றும் அங்கே இருக்கும் உலோகத் தகட்டிலும் அதே ஃப்யூச்சுராவின் பெரிய எழுத்துகளே பொறிக்கப்பட்டுள்ளன. 1980களில் பார்பரா குரூகர் என்னும் அமெரிக்கக் கலைஞர், பத்திரிகை வடிவமைப்பில் தாம் பெற்ற பயிற்சியைக் கொண்டு, கனத்துச் சாய்ந்த ஃப்யூச்சுராவைச் சிவப்புப் பட்டையில் வெண்மையாக நிறுத்தி, அதிகாரத்தையும் நுகர்ச்சி மோகத்தையும் கேள்வி கேட்டார். விளம்பரத்தின் குரலாலேயே விளம்பரத்தை எதிர்த்து வாதாடினார். எழுத்து யாருடைய சொல்லையும் சுமக்கும். அதைத் தேர்ந்தெடுப்பவரே அச்சொல்லுக்கு உத்தரவாதி.

தமிழெழுத்தும் கனமும்

ஜெர்மானிய எழுத்து வார்ப்புக்கும் தமிழுக்கும் பழைய உறவு உண்டு. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1713இல் அச்சிடத் தொடங்கியபோது பயன்பட்ட தமிழெழுத்துகள் ஹாலே நகரத்திலிருந்து கப்பலேறி வந்தவை. அவ்வுறவை நினைத்து, நம் எழுத்தைக் கனமாக வரைய விரும்பும் இளைஞர்களுக்கு ஒன்றிரண்டு சொல்லி முடிக்கிறேன்.

எழுத்தாணியால் ஓலையில் கீறிய எழுத்தில் தடித்த கோடு, மெல்லிய கோடு என்ற பேதம் இல்லை. ஆகையால் சமத் தடிப்பு நமக்கு இரவல் பொருள் அன்று. நமக்குள்ள இடர் வேறு. ட, ப ஆகியவை எவ்வளவு கனத்தையும் தாங்கும் திறந்த எழுத்துகள். ண, ஞ, ஐ ஆகியவற்றிலோ சுழிகளும் நெடுக்குக் கோடுகளும் ஒன்றையொன்று நெருக்கி நிற்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே தடிப்பைக் கணக்காகக் கொடுத்தால் ண அடைபட்டுப்போகும். அதற்கு அகலத்தைக் கூட்டியும் கோட்டை மெலிவித்தும், படிப்பவர் கண்ணுக்கு ட-வும் ண-வும் ஒரே கனமாகத் தோன்றச் செய்ய வேண்டும். மெய்யெழுத்தின் புள்ளியை எழுத்தோடு கூடவே பருக்கச் செய்தால் அது எழுத்தின் தலையில் ஒட்டிக்கொள்ளும். சிறுக்கச் செய்தால் அச்சில் மறையும். க-வையும் க்-ஐயும் வேறுபடுத்துவது அப்புள்ளி ஒன்றே என்பதால், அதற்கு மேலும் கீழும் விடப்படும் வெளி அலங்காரம் அன்று, மொழியின் இலக்கணமே ஆகும். ரென்னருடைய வட்டத்தை நாம் இரவல் வாங்க வேண்டியதில்லை. தம் காம்பஸைத் தம் கண்ணுக்குக் கீழ்ப்படுத்திய அவருடைய சிரத்தையை வாங்கிக்கொள்ளலாம்.

ஆதலால், கனத்த தமிழெழுத்தை வரைய உட்காரும் இளைஞர் ஒவ்வொருவரையும் நான் வேண்டிக்கொள்வது இது: ட-வை வரைந்து மகிழ்வதற்கு முன் ண-வை வரையுங்கள், அதன் சுழிகளுக்குள் விட வேண்டிய வெண்மையை முதலில் அளந்து வைத்துக்கொண்டு, பிறகு கருமையைத் தீட்டுங்கள், தீட்டியதைச் சுவரில் மாட்டி, கூடத்தின் மறுகோடியில் நின்று படித்துப் பாருங்கள்.